நின்றுகொண்டே வந்த மாஸ்டர்

சிலை செய்யும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு முதலில் ஓர் ஆறுதல் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் சிலை செய்வதுதான் சுலபம். கையில் களிமண் ஒட்டியிருக்கும்வரை நீங்கள்தான் ராஜா. அதற்கு முன்னால் வருகிற மனிதர்களும் பின்னால் வருகிற சாலைகளும்தான் ஆளை ஒரு வழி பண்ணிவிடும். கல்லூரியில் எனக்கு எலும்பு, தசை, நரம்பு எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். லாரி டிரைவரிடம் எப்படிப் பேசுவது என்று ஒரு வகுப்புகூட வைக்கவில்லை.

எண்பதுகளின் பின்பாதியில் நூம்பலில் பட்டறை போட்டேன். வேலப்பன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வயல் ஓரமாக நடந்து வரவேண்டும். தகரக் கொட்டகை, ஒரு கிணறு, வாசலில் எந்நேரமும் தலையில்லாத ஒரு தலைவர். கூட்டாளி கன்னியப்பன். அச்சு எடுப்பதும் சிமென்ட் வார்ப்பதும் அவர் பொறுப்பு. எனக்கும் அவருக்கும் ஒரே வயது என்பதால் சண்டையும் சரிசமமாகப் போடுவோம். வருகிறவர்கள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "சிற்பி சார் இல்லையாம்மா?" என்பார்கள். கன்னியப்பன் என்னைக் காட்டி, "இவங்கதான் சாரு" என்பார். அந்தப் பதிலுக்காகவே அவருடைய பாதிக் குறும்புகளை மன்னித்திருக்கிறேன்.

பொருள்களைப் பற்றி நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். என் பங்குக்குக் கொஞ்சம். ஏரிக் களிமண் நீங்கள் எத்தனை முறை மனம் மாறினாலும் கோபித்துக்கொள்ளாது, ஈரச் சாக்கைப் போர்த்த மட்டும் மறக்கக் கூடாது. பிளாஸ்டர் அப்படியல்ல, டீ குடித்துவிட்டு வருவதற்குள் வாளியிலேயே கல்லாகிவிடும். சிமென்ட்டில் இருக்கிற சுண்ணாம்பு கையை அரிக்கும். கன்னியப்பனின் விரல் நுனியில் ரேகை என்று ஒன்றைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஃபைபர் அப்போதுதான் பரவலாக வந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் தூக்கிவிடலாம், நாற்றம்தான் ஊரைக் கூட்டும். இவ்வளவு போதும், மாஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன்.

மாஸ்டர் என்று எல்லோரும் கூப்பிட்ட சங்கரலிங்கம், ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வெல்டர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பகலெல்லாம் நெருப்போடு வேலை, சாயங்காலம் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் பிள்ளைகளுக்கு வாலிபால். அவரிடம் ஆடியவர்களில் பலருக்கு அந்த ஆட்டத்தாலேயே வேலை கிடைத்தது. ஒருநாள் காலையில் வேலைக்குப் போனவர் மாரடைப்பில் போய்விட்டார். அவரிடம் ஆடியவர்கள் ஒன்றுசேர்ந்து மைதானத்தில் அவருக்குச் சிலை வைப்பதென்று முடிவு செய்து என்னிடம் வந்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை செய்த பாஸ்கர்தான் அவர்களுக்குத் தலைமை.

அவர்கள் கொண்டுவந்தது ஒரு குழுப் புகைப்படம். அதில் மாஸ்டரின் முகம் கொட்டைப்பாக்கு அளவு. "நிக்கிற போஸு மட்டும் நாங்க சொல்றதுதான் மேடம்" என்றான் பாஸ்கர். "வலது கைய மேல தூக்கிகினு நிப்பாரு. பந்து வந்தா கைய தூக்கு, கைய தூக்குன்னு கத்திகினே இருப்பாரு. அவரு கை கீழ தொங்கி நாங்க பாத்ததே இல்ல."

அந்தக் கையைத் தனியாக வார்த்து அங்கே போய்ப் பொருத்தலாமா என்று யோசித்தேன். கன்னியப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒட்டுன எடத்துல மழத்தண்ணி பூந்துதுன்னா வெட்டிக்கும் மேடம். விரல் நுனி வரைக்கும் உள்ள கம்பி குடுத்து ஒரே வார்ப்பா ஊத்திடலாம்" என்றார். சரியான யோசனை. இன்றைக்கு யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

களிமண் உருவம் முடிந்ததும் எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. அச்சு எடுப்பதற்கு முன்னால் வீட்டுக்காரர்களையும் வேண்டியவர்களையும் வரவழைத்து முகத்தைப் பார்க்கச் சொல்வோம். அன்றைக்கு எல்லோரும் வாயைத் திறப்பார்கள். மூக்கு கொஞ்சம் பெரிசு என்பார் ஒருவர், சிறிசு என்பார் இன்னொருவர். அத்தனையையும் கேட்டுத் திருத்தினால் கடைசியில் யார் சாயலிலும் இல்லாத ஒரு ஆசாமி நின்றுகொண்டிருப்பான். நான் என்ன செய்வேன் தெரியுமா? பேசாமல் நிற்பவர் யார் என்று பார்ப்பேன்.

அன்றைக்குப் பேசாமல் நின்றவர் மாஸ்டரின் மனைவி செல்லத்தாய். முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு முதுகுப் பக்கம் போய் நின்றுவிட்டார். நாங்கள் காத்திருந்தோம். "பெடதி சரியா இருக்கு" என்றார், பின்கழுத்தைக் காட்டி. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அப்புறம் எனக்குப் புரிந்தது. சாயங்காலமானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடுகிற மனிதரை அவர் மனைவி பார்த்ததெல்லாம் பெரும்பாலும் பின்னாலிருந்துதான்.

ஃபைபரில் செய்தால் இலகுவாக இருக்கும் என்று ஒரு மாதிரியை எடுத்துக் காட்டினேன். செல்லத்தாய் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். டப் டப் என்று சத்தம் வந்தது. "பொம்மைச் சத்தம்லா கேக்கு" என்றார். அத்தோடு ஃபைபர் பேச்சு முடிந்தது, சிமென்ட் என்று முடிவாயிற்று.

கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எம்மா, ஒண்ணு சொல்லுதேன், சிரிக்கப்படாது. அவுகளப் படுக்க வச்சுக் கொண்டாராதிய. ஒரு தடவ அப்படித்தான் வந்தாக. கம்பெனி வேன்ல, கதவச் சாத்த முடியாம காலு வெளிய தெரிஞ்சுச்சு. தெருப் பிள்ளையள்லாம் பாத்துட்டு நின்னுச்சு. இந்தத் தடவ நின்னுக்கிட்டு வரட்டும். மூஞ்சியில வெள்ளத் துணியும் போடாதிய."

பெரிய சிலைகளை வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்து, துணி சுற்றி அனுப்புவதுதான் எங்கள் வழக்கம். பார்க்கிறவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று அதுவரை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. "நின்னுக்கிட்டுதான் வருவாரு" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவளைக் கன்னியப்பன் ஒரு மாதிரி பார்த்தார். ஆளைவிடப் பெரிய சிலை, அதற்கு மேல் தூக்கிய கை, அதை லாரியில் நிறுத்தினால் எவ்வளவு உயரம்! ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவர் மாதிரி ஆள் கிடையாது. லாரியையும் சேர்த்து அந்த உயரத்துக்கு ஒரு மூங்கிலை வெட்டி, அதைச் சைக்கிளில் நட்டமாகக் கட்டிக்கொண்டு வழி முழுவதும் போய்ப் பார்த்தார். எந்த ஒயர் தொங்குகிறது, எந்தப் புளியங்கிளை இடிக்கிறது என்று பார்க்கத்தான். ரயில் கேட்டே குறுக்கிடாத ஒரு சுற்று வழியைக் கண்டுபிடித்துவிட்டு வந்தார். "வழில ஒருத்தன், இன்னா நைனா, கொடி கீது இல்ல, வெறுங்கம்பத்த எட்துகினு எந்த மாநாட்டுக்குப் போறன்னு கேக்குறான் மேடம்" என்று அன்று முழுக்கச் சிரித்தார்.

சிலை கிளம்புகிற நாள் வந்தது. மாஸ்டரை லாரியின் நடுவில் நிறுத்தி, நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டி, காலடிப் பலகைக்கு மரக்கட்டை கொடுத்தோம். காலடிப் பலகை என்று நான் சொல்வது சிலையோடு சேர்த்து வார்த்த சிமென்ட் பலகையை. அது பீடத்துக்குள் புதைந்துவிடும் என்பதால் அதற்கு வண்ணம் பூசுவதில்லை. செல்லத்தாயும் நானும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். கன்னியப்பனும் பாஸ்கரும் மேலே மாஸ்டரோடு.

லாரி நத்தை மாதிரி நகர்ந்தது. கை தூக்கி நிற்கிற மாஸ்டரைப் பார்த்து வழியெல்லாம் ஜனங்கள் கையாட்டினார்கள். ஒரு பஸ் டிரைவர், யாரோ நிறுத்தச் சொல்கிறார்கள் என்று பிரேக் போட்டுவிட்டு, நிமிர்ந்து பார்த்துவிட்டு, எங்களைத் திட்டிக்கொண்டே போனார். செல்லத்தாய் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதுவரை எல்லாம் ஜோராகப் போயிற்று.

சுற்று வழியின் முனையில் சாலையைக் காணோம். முந்தின நாள் குடிநீர்க் குழாய் பதிக்க வந்தவர்கள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தோண்டிப் போட்டிருந்தார்கள். திரும்பினால் மிச்சமிருந்தது அண்ணனூர் பக்கத்து ரயில் கேட் ஒன்றுதான். அங்கே போனோம். கேட்டுக்கு முன்னால் சாலையின் குறுக்கே உயரக் கம்பி. மேலே மின்சார ரயிலின் ஒயர் போகிறதால், அதற்குமேல் உயரமான வண்டி போகக் கூடாது என்று வைத்திருக்கிற கம்பி. கன்னியப்பன் மேலேயிருந்து கத்தினார்: "ஒரு சாண் இடிக்கிது மேடம்!" மாஸ்டரின் விரல்கள் கம்பிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன.

பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. டிரைவர் இறங்கி வந்தார். "படுக்க வெச்சினு போனா அஞ்சு நிமிசத்துல மேட்ரு முடிஞ்சிது. இன்னாத்துக்கு இந்த ரோதன?" என்றார். கயிற்றை அவிழ்க்கவே போய்விட்டார்.

செல்லத்தாய் இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "வேற வழி இல்லேன்னா படுக்க வச்சுருங்கம்மா. பாவம், எத்தன பேரு நிக்காக. நான் அந்தப் பக்கமாத் திரும்பிக்கிடுதேன்" என்றார்.

நான் கோபக்காரி, அது தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு வந்த கோபம் யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை. குழாய் பதித்தவர்கள், டிரைவர், ஹாரன் அடிக்கிறவர்கள் எல்லோர்மேலும் வந்தது. "யாரும் கயித்துல கை வைக்கக் கூடாது!" என்று போட்ட சத்தத்தில் ஹாரனே ஒரு நிமிஷம் நின்றது.

கன்னியப்பன் இறங்கி வந்து மெதுவாகச் சொன்னார்: "மணிக்கட்டாண்ட அறுத்துடவா? அங்க போயி ஒட்டிக்கலாம். எவனுக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே" என்றேன்.

டயரில் காற்றை இறக்கலாம் என்றார் ஒருவர். அதில் நாலு விரல்கடை குறைந்தால் அதிகம். மூங்கிலால் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளலாம் என்றார் இன்னொருவர். அதைக் கேட்டதும் கேட்கீப்பர் தன் அறையிலிருந்து ஓடி வந்தார். "யோவ்! கம்பிய தூக்குனே, அப்பால உன்ன தூக்கினு போவணும். மேல கரண்டு கீது. செலைக்குள்ள இரும்பு கீதா இல்லியா?" கன்னியப்பனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். விரல் நுனி வரை இரும்பு கொடுத்தவர்கள் நாங்கள்தானே.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நெருக்கடி என்று வந்தால் முதலில் தோன்றுகிற யோசனைகள் எல்லாமே நாம் செய்ததைக் குறைப்பதாகத்தான் இருக்கும். படுக்க வை, அறு, வளை. பதற்றத்தில் நமக்குக் கைக்கெட்டுகிறது அதுதான். நானும் சிலையைத்தான் மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்லத்தாய் சாலையோரம் நின்று மாஸ்டரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் உறைத்தது. மாஸ்டர் ஒன்றும் உயரமில்லை. அவரைத் தூக்கி நிறுத்தியிருக்கிற லாரிதான் உயரம்.

"பாஸ்கர், உங்க பட்டறையில மெஷினை எப்படி நகர்த்துவீங்க?" என்று கேட்டேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "டிராலி கீது மேடம்! தரையோட தரையா, இரும்புச் சக்கரம் வெச்சது. மாஸ்டரு மாதிரி மூணு பேர நிக்க வெக்கலாம்!"

லாரியை ஓரம் கட்டினோம். சிலையைப் பீடத்தில் ஏற்ற மைதானத்தில் மூன்று கம்பங்களைச் சேர்த்துக் கட்டிய முக்காலியும் சங்கிலியால் பளு தூக்குகிற செயின் பிளாக்கும் தயாராக வைத்துக்கொண்டு மற்ற ஆட்டக்காரர்கள் காத்திருந்தார்கள். அவற்றோடு வரச் சொல்லி அவர்களுக்கு ஆள் போயிற்று. பாஸ்கர் யாருடைய சைக்கிளையோ பிடுங்கிக்கொண்டு எஸ்டேட்டுக்குப் பறந்தான். கொஞ்ச நேரத்தில் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று வந்தது. மேலே டிராலி, டிராலிமேல் பாஸ்கர், ஊர்வலத்தில் உட்கார்ந்து வருகிறவன் மாதிரி கைகூப்பிக்கொண்டு.

முக்காலியை லாரிக்கு மேலாகக் கால் பரப்பி நிறுத்தி, சங்கிலியில் மாஸ்டரைக் கொஞ்சம் தூக்கினோம். லாரி அடியிலிருந்து நகர்ந்தது. அந்தரத்தில் கை தூக்கித் தொங்கிய மாஸ்டரைப் பார்த்து, "அப்டியே ஒரு ஸ்மாஷ் அடி மாஸ்டர்!" என்று ஒருவன் கத்த, கூட்டம் சிரித்தது. டிராலியை உள்ளே தள்ளி மெல்ல இறக்கினோம். இறங்கும்போது காலடிப் பலகையின் ஒரு முனை இரும்பில் இடித்து ஒரு சில்லு பெயர்ந்தது. கன்னியப்பன் பல்லைக் கடித்தார். எங்கே போனாலும் அவர் பையில் ஒரு பொட்டலம் சிமென்ட் இருக்கும். அங்கேயே தண்ணீர் விட்டுக் குழைத்து அந்த முனையைப் பூசி முடித்தார்.

கேட்கீப்பர் டிராலியைச் சுற்றி வந்து பார்த்தார். மாஸ்டரின் கை இப்போது கம்பிக்கு வெகு கீழே. "இவரு எந்தக் கட்சி?" என்று கேட்டார்.

"வாலிபால் சார்" என்றான் பாஸ்கர்.

"அப்ப கலாட்டா வராது. இரு, ஷெட்டுக்கு ஒரு வண்டி போவணும். அது போனதும் நான் சொல்றேன். தண்டவாளத்துல பலக போட்டு ஒரே தள்ளு. நடுவுல நின்னு பூ போடாதீங்க."

ரயில் போனது. போன் பேசிவிட்டுக் கேட்டைத் திறந்தார். பலகை போட்டோம். கேட் திறக்கச் சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட வண்டியை நிறுத்திவிட்டுத் தள்ள வந்தார்கள். படுக்க வைக்கச் சொன்ன டிரைவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாக, "தள்ளு, தள்ளு! நிக்காத!" என்று முன்னால் நின்றார். மாஸ்டர் ஒரு குலுக்கலோடு தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றார். லாரியில் இனி ஏற்றவா என்று யாரும் கேட்கவில்லை. அப்படியே தள்ளிக்கொண்டு போனோம்.

அதனால்தான் அந்தக் காட்சி கிடைத்தது. லாரியில் வந்திருந்தால் சர்ரென்று போயிருப்பார். இப்போது ஆள் நடக்கிற வேகத்தில், ஆள் நடக்கிற தரையில், சாயங்கால வெயிலில் கையைத் தூக்கிக்கொண்டு குவார்ட்டர்ஸ் தெருவுக்குள் மாஸ்டர் வந்தார். ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் சைக்கிளை விட்டு இறங்கினார்கள். "மாஸ்டர் வர்றாரு!" என்று சத்தம் முன்னால் ஓடியது. வீட்டுக்கு வீடு வாசலில் ஆட்கள். செல்லத்தாய் டிராலிக்கு ஒரு கையைக் கொடுத்துக்கொண்டு கூடவே நடந்தார்.

தெருவின் நடுவில், தன் வீட்டு வாசலில், "ஒரு நிமிஷம் நிப்பாட்டுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். "அன்னிக்கு வேனும் இங்கதாங்க நின்னுச்சு" என்றார் பக்கத்து வீட்டு அம்மா என் காதோரமாக.

செல்லத்தாய் தட்டோடு வெளியே வந்தார். ஆரத்தித் தட்டு. ஆனால் தண்ணீர் வெறும் மஞ்சளாக இருந்தது. "சுண்ணாம்பு போடலியேக்கா" என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

"வெத்தல போடுத ஆளு போயாச்சு, வீட்டுல சுண்ணாம்புக்கு எங்க போக?" என்றார் செல்லத்தாய்.

கணவனை இழந்தவர் ஆரத்தி சுற்றலாமா என்று கேட்கக்கூடியவர்கள் அந்தத் தெருவில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. செல்லத்தாய் மாஸ்டரின் முன்னால் நின்று நிதானமாகச் சுற்றினார். சுற்றிக்கொண்டே திட்டினார்: "விளையாட்டு விளையாட்டுன்னு போனா வீடு வாசல் ஞாபகம் கெடையாது. இம்புட்டு நேரமா வாறதுக்கு?"

தெருவே சிரித்தது. பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். நான் சிரித்தேனா அழுதேனா என்று கேட்காதீர்கள்.

தட்டில் இருந்த மஞ்சள் தண்ணீரை அவர் மாஸ்டரின் காலடியில் ஊற்றினார். அது பலகையில் வழிந்து ஓடி, கன்னியப்பன் சற்று முன்னால் பூசிய ஈரச் சிமென்ட்டைத் தொட்டது. தொட்ட இடம் சிவந்தது. நல்ல ஆரத்திச் சிவப்பு. அந்த முனையிலிருந்து தரையில் சொட்டிய தண்ணீரும் சிவப்பாகச் சொட்டியது. வாசலில் நின்ற பெண்கள் "ஆத்தாடி" என்று வாயில் கை வைத்தார்கள்.

கன்னியப்பன் என்னைப் பார்த்தார். அவருடைய வாய் லேசாகத் திறந்தது. அவர் காலை நான் அழுத்தி மிதித்தேன். ஏன் சிவந்தது என்று உங்களுக்கும் தெரியும், பொருள்களைப் படித்தவர்கள் நீங்கள். அது தெரிந்திருக்க வேண்டியது நம் வேலை. எந்த வாசலில் அதைச் சொல்லக் கூடாது என்று தெரிந்திருப்பதும் அதே வேலையில் சேர்ந்ததுதான்.

செல்லத்தாய் அந்தச் சிவப்பைக் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். நிமிர்ந்து என்னிடம், "வந்துட்டாக" என்றார்.

கன்னியப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். பிறகு டிராலிக்குத் தோள் கொடுத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"தள்ளுங்கப்பா, மாஸ்டருக்கு கிரவுண்டுக்கு டைமாச்சு."